ஆட்டோகிராஸ் புறப்பாட்டில் இசியு டியூனிங் எவ்வளவு உதவும்?

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் நிரலை மாற்றும் டியூனிங் மென்பொருளை ஏற்றினால், கூம்புகளால் வகுத்த பாதையில் ஒவ்வொரு காராக நேரத்துக்கு எதிராக ஓடும் ஆட்டோகிராஸில் புறப்பாட்டு நேரம் குறையுமா என்று கேட்பவர்களிடம், எந்த வகைப் போட்டியில் ஓட்டப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்னும் கார் பந்தயச் சங்கம் சோலோ என்ற பெயரில் நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளில், கார் கிளம்பிச் சிறிது தூரம் சென்று ஒளிக்கற்றையை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதே அமைப்பின் புரோசோலோவிலோ, நேர்கோட்டில் பாயும் டிராக் பந்தயத்தைப் போல விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும்; பச்சை எரியும் முன் பாய்ந்தால் அந்த ஓட்டம் வீண்; எதிர்வினை நேரமும் முதல் 60 அடியைக் கடந்த நேரமும் தனித்தனியே காட்டப்படும். புறப்பாட்டுக்காகப் பணம் செலவழிக்கும் பேச்சே இந்த இரண்டாவது வகைக்குத்தான் பொருந்தும்.

அங்கும் கூடுதல் குதிரைத்திறன் கைகொடுக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆட்டோகிராஸ் ஓட்டுநர்களுக்கு மிகப் பிடித்தமான ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டியை எடுத்துக்கொள்வோம். 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், 197 குதிரைத்திறன், சுமார் 274 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முதல் கியரும், சக்கரங்களுக்கு முன்னால் உள்ள கடைசிப் பல்சக்கரங்களின் விகிதமும் சேர்ந்து அந்த முறுக்குவிசையை ஏறத்தாழ 13 மடங்காக்குகின்றன என்று வைத்துக்கொண்டு, 30 சென்டிமீட்டர் சக்கர ஆரத்தால் வகுத்து, உராய்வு இழப்பையும் கழித்தால், தரையைத் தள்ளும் விசை 10,000 நியூட்டனைத் தாண்டும். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள அந்தக் கார் முன்சக்கர இயக்கம் கொண்டது. பாயும்போது எடை பின்னால் சரிவதால், நல்ல டயர் போட்டிருந்தாலும் முன்சக்கரங்கள் 6,000 நியூட்டன் சொச்சத்துக்கு மேல் பிடித்துத் தள்ளாது. அதாவது, கம்பெனியிலிருந்து வந்தபடியே முதல் கியரில் டயரால் தாங்கக்கூடியதை விட மிக அதிகமான விசை இருக்கிறது. அதன் மேல் ஸ்டேஜ் 1 மேப்பை, அதாவது வேறு பாகம் எதையும் மாற்றாமல் ஏற்றும் இசியு நிரலை, ஏற்றி முறுக்குவிசையைக் கூட்டினால், சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று புகை கிளப்புமே தவிர, கார் முன்னைவிட வேகமாக நகராது.

ஆகவே, புறப்பாட்டில் மென்பொருள் உதவுவது எஞ்சினை அவிழ்த்துவிடுவதால் அல்ல, கட்டிவைப்பதால்தான். கிளட்ச் மிதிபட்டு வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழற்சியை ஒரே எண்ணில் நிறுத்திவைக்கும் லாஞ்ச் கண்ட்ரோல், கியருக்குக் கியர் முறுக்குவிசைக்கு விதிக்கும் உச்சவரம்பு, ஆக்சிலரேட்டர் மிதியின் போக்கை மாற்றும் அட்டவணை ஆகியவைதான் இங்கே விஷயம். இவை ஓட்டுநரின் வலது காலைப் படபடப்பிலிருந்து காப்பாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிளம்ப வைக்கின்றன. நான்கு சக்கர இயக்கம் கொண்ட சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் கதை வேறு. அதற்குப் பிடிமானம் தாராளமாக இருப்பதால் டர்போ அழுத்தம் ஏற எடுத்துக்கொள்ளும் தாமதம்தான் குறை. நின்ற இடத்திலேயே பற்றவைப்பைத் தாமதப்படுத்தி பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, ஏற்றிக் கொடுக்கும் வசதி அங்கே உண்மையாகவே பலன் தரும். கிளட்சும் டர்போவும் அதற்குத் தேய்மானக் கூலி கேட்கும் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருகிய வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையிருக்காது.

சாதாரண சோலோவில் என்ன மிச்சமாகும் என்றும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 4.8 மீட்டர் கூடும் காருக்கு, சரியாகக் கிளம்பாததால் அந்த முடுக்கம் 10 சதவீதம் குறைகிறது என்று கொள்வோம். நின்ற இடத்திலிருந்து 25 மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 0.17 நொடி கூடுதலாகும். கடிகாரம் 5 மீட்டர் தள்ளித் தொடங்கினால் அந்த இழப்பு 0.10 நொடியாகச் சுருங்கிவிடும். நூறில் ஒரு பங்கு நொடியில் கோப்பை கைமாறும் போட்டியில் இது அற்பமல்லதான். ஆனால் ஒரு கூம்பைத் தட்டினால் 2 நொடி தண்டனை என்னும் இடத்தில், இதை முதல் கவலையாக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. டியூனிங் தன் விலைக்கு வேலை செய்வது, இரண்டாம் கியரில் மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போதுதான். அங்கே டயருக்கு இன்னும் தாங்கும் இடம் இருக்கிறது.

பலனை அளக்கும் விதத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். காலையில் பழைய மேப்போடும் மதியம் புது மேப்போடும் ஓட்டி, நேரம் குறைந்ததும் மென்பொருளுக்குப் பாராட்டு மழை பொழிகிறார்கள். இதற்கிடையில் தரை சூடாகியிருக்கிறது, டயரும் சூடாகியிருக்கிறது, ஓட்டுநருக்குப் பாதையும் பழகியிருக்கிறது. இரண்டு மேப்புகளையும் மாற்றி மாற்றி ஏற்றி, சக்கர வேகத்தையும் ஜிபிஎஸ் வேகத்தையும் ஒன்றாகப் பதிவு செய்து, சக்கரம் எவ்வளவு வழுக்கியது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கடைசியாக விதிமுறை. ஏறத்தாழ கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் கார்களுக்கான எஸ்சிசிஏவின் ஸ்ட்ரீட் பிரிவுகளில் இசியுவின் நிரலை மாற்ற அனுமதியில்லை. மாற்றினால், ஸ்ட்ரீட் டூரிங் போன்ற, கூடுதல் மாற்றங்களை அனுமதிக்கும் பிரிவுக்கு நகர வேண்டும். அங்கே எதிரே நிற்பவர்கள் மென்பொருளோடு நிற்காமல் சஸ்பென்ஷன், சக்கரம் என்று எல்லாவற்றிலும் கைவைத்தவர்களாக இருப்பார்கள். கையில் ஒரு மேப்புக்கான பணம் மட்டும் இருந்தால், அதில் நல்ல டயர் வாங்கிக்கொண்டு ஸ்ட்ரீட்டிலேயே இருங்கள் என்பேன்.