என்ற டேட்டா வேற ஆத்துப் பேர்ல வந்துச்சு: ஒரு பேப்பரை ரிட்ராக்ட் பண்ண வெச்ச அனுபவம்

தீசிஸை, அதாவது பிஎச்டி ஆய்வேட்டை, ஷோத்கங்காங்கற இணையக் களஞ்சியத்துல (நம்ம நாட்டு யுனிவர்சிட்டி ஆய்வேடெல்லாம் யாரும் படிக்கற மாதிரி இருக்கற எடம்) போடாதீங்க, போட்டா எவனாவது சுட்டுருவான்னு ஈரோடு கோயமுத்தூர் பக்கம் ஸ்காலர்ஸ் நிறையப் பேரு பேசிக்கறாங்க, அதுல சில பேரு எனக்கு நடந்ததைத்தான் உதாரணமாச் சொல்றாங்களாம். அதனால நடந்ததை நானே முழுசா எழுதிப்போடறேன். என்ற டேட்டாவை எடுத்து வேற ரெண்டு பேரு ஒரு ஜர்னல்ல போட்டது உண்மைதான். ஆனா அந்தப் பேப்பரை வாபஸ் வாங்க வெச்சதும் அதே ஷோத்கங்காதாங்க. அது மட்டும் இல்லைன்னா இன்னைக்கு நான்தான் காப்பி அடிச்சவன்னு பேரு வாங்கியிருப்பேன்.

என்ற பிஎச்டி நொய்யல் கரையில, ஒரத்துப்பாளையம் அணையச் சுத்தி இருக்கற கிணத்துத் தண்ணியப் பத்தினது. பாசனத்துக்குன்னு 1992ல கட்டுன அணை, திருப்பூர் சாயத்தண்ணி தேங்கித் தேங்கி சுத்துப்பட்டு பூமியெல்லாம் உப்பாப் போச்சு. 2011 ஜனவரில சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு, கழிவுத்தண்ணிய ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிக்கற வசதி இருந்தாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. அதுக்கப்புறம் அந்தக் கிணறுங்க எந்தளவுக்குத் தேறியிருக்குதுன்னு மாசாமாசம் சாம்பிள் எடுத்துப் பாக்கறதுதான் என்ற வேலை. குடிதண்ணிக்கு வேற வழியே இல்லைன்னா லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரைக்கும் கரைஞ்ச உப்பு இருக்கலாம்னு பிஐஎஸ்ங்கற இந்தியத் தர நிர்ணய அமைப்போட விதி சொல்லுது, அதையும் தாண்டுன கிணறு அங்க இன்னமும் இருக்குதுங்க. தோட்டத்துக்காரங்க எல்லாம் எனக்கு இத்தனை வருசமாப் பழக்கம், கேன் தூக்கிட்டுப் போனா மோரு குடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க.

தீசிஸ் முடிஞ்சு வைவாங்கற வாய்மொழித் தேர்வும் முடிஞ்சு யுனிவர்சிட்டி வழியா ஷோத்கங்காவுல ஏறிருச்சு. 2009லயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வந்துருச்சு, தீசிஸோட மின்பிரதியக் குடுக்கணும்னு, அதை காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட்ங்கற யுஜிசி மையம் தான் வெச்சு நடத்துது. அப்புறம் அதுல ஒரு சாப்டரைப் பேப்பரா எழுதி ஒரு ஜர்னலுக்கு அனுப்புனேன். கொஞ்ச நாள்ல எடிட்டர் கிட்ட இருந்து பதில் வந்துச்சு, ரிவ்யூவுக்கே போகல, ஏற்கனவே வெளிவந்த ஒரு பேப்பரோட பாதிக்கு மேல ஒத்துப்போகுது, விளக்கம் குடுங்கன்னு. எது எதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டற சிமிலாரிட்டி ரிப்போர்ட்டையும் வெச்சிருந்தாங்க. அந்தப் பேப்பரைத் திறந்து பாத்தா என்ற கிராஃப், என்ற டேபிள், என்ற வாக்கியம், ஆனா நொய்யல்னு இருந்த இடத்துல எல்லாம் வடக்க ஒரு மாநிலத்து ஆத்துப் பேரு.

டேபிளைப் பாத்ததும்தான் எனக்குக் கை நடுங்குச்சு. சென்னிமலைப் பக்கத்துல ஒரு தோட்டத்துக் கிணறு, ஒரு மாசம் போனப்ப மோட்டார் காயில் போயிருந்துச்சு, தண்ணி எடுக்க முடியல, அதனால அந்த மாசத்துக் கட்டத்துல ஒரு கோடு மட்டும் போட்டிருந்தேன். அவங்க டேபிள்லயும் அதே கிணத்து வரிசையில அதே மாசத்துல அதே கோடு. ஆத்தை மாத்துனாங்க, கிணத்து நம்பரை மாத்துனாங்க, காலியா இருந்த கட்டம் காலியாவே இருக்குது. என்ற ஃபீல்டு நோட்டுல அந்தத் தேதிக்கு நேரா காயில் போன சங்கதி எழுதியிருக்குது, தோட்டத்து ஐயா ஃபோன் நம்பரோட.

துறையில ஒரு சீனியர்கிட்ட காட்டுனேன். “போச்சாது உடுங்க சார், பெரிய எடத்து ஆளுங்க மாதிரி தெரியுது, நீங்க வேற ஒரு பேப்பர் எழுதிக்கோங்க”ன்னாரு. எங்க கைடு ரிட்டையர் ஆகி கோபியில இருக்கறாரு, அவர்கிட்ட ஃபோன் போட்டேன். “ஏஞ்சாமி, கோவமா எதையும் எழுதிப்போடாத, தேதியெல்லாம் எடுத்து வரிசையா அடுக்கு மொதல்ல”ன்னாரு. அதுதான் எனக்கு உதவுச்சு.

மொதல்ல செஞ்சது எனக்கு மெயில் போட்ட எடிட்டருக்கு விளக்கம். ஷோத்கங்கா பக்கத்துல முழு விவரத்தைத் திறந்தா தீசிஸ் எந்தத் தேதியில ஏறுச்சுன்னு இருக்கும், அந்தப் பேப்பரோட மொதப் பக்கத்துல எந்தத் தேதியில அவங்களுக்கு வந்து சேந்துச்சுன்னு இருக்கும், ரெண்டையும் ஒரே பக்கத்துல வெச்சுக் காட்டுனேன், என்றது ரொம்ப முன்னாடி. அவங்க என்ற பேப்பரை ரிஜெக்ட் பண்ணாம நிறுத்தி வெச்சாங்க, ஆனா அந்தப் பேப்பர் விசயம் முடியற வரைக்கும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. நியாயந்தான்.

அடுத்து, என்ற டேட்டாவை வேற பேர்ல போட்டிருந்த ஜர்னலோட எடிட்டருக்கு எழுதுனேன். இதுல ஒண்ணு சொல்லணும், இந்த மாதிரி லெட்டர்ல திருட்டு மோசடின்னெல்லாம் எழுதாதீங்க, என்ன ஒத்துப்போகுது, எந்தப் பக்கம், எந்தத் தேதி, அவ்வளவுதான். இடது பக்கம் தீசிஸ், வலது பக்கம் அவங்க பேப்பர்னு ஒரு பிடிஎஃப், கலர் அடிச்சு. ஃபீல்டு நோட்டு ஃபோட்டோ, லேப் ரிஜிஸ்டர் நகல். அனுப்பிட்டுக் காத்திருந்தேன், பதிலே இல்ல, ரிமைண்டருக்கும் இல்ல. அப்புறம் பாத்தா அந்த ஜர்னல் கோப்ல உறுப்பினர். கோப்னா 1997ல இங்கிலாந்துல சில எடிட்டருங்க சேந்து ஆரம்பிச்ச பதிப்பு அறநெறிக் குழு, வெளிவந்த பேப்பர்ல காப்பி இருக்குன்னு புகார் வந்தா எடிட்டர் என்னென்ன செய்யணும்னு ஃப்ளோசார்ட்டே போட்டு வெச்சிருக்காங்க, யாரு வேணும்னாலும் படிக்கலாம். ஆனா கோப் நேரடியா விசாரணை பண்ணாது, ஜர்னலோட சொந்தப் புகார் வழியெல்லாம் முடிச்சுட்டு வந்தாத்தான், உறுப்பினர் ஒழுங்கா நடந்துக்கிட்டாங்களான்னு மட்டும் பாக்கும். அதனால பப்ளிஷர்கிட்ட இந்த மாதிரி முறைகேட்டுப் புகாரைப் பாக்கற இண்டெக்ரிட்டி டீமுக்கு எழுதி, உங்க எடிட்டர் பதில் சொல்லல, ஃப்ளோசார்ட் படி இந்தக் கட்டம் இன்னும் நடக்கல, நடக்கலைன்னா கோப்புக்குப் போவேன்னு தெளிவாப் போட்டேன். அதுக்குப் பதில் சீக்கிரமே வந்துச்சு.

பப்ளிஷர் அந்தப் பேப்பரோட ஆத்தருங்ககிட்ட (எழுதுனவங்ககிட்ட) விளக்கம் கேட்ட பின்னாடிதான் அவங்க பக்கத்துல இருந்து எனக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாங்க, ஏதோ ஸ்டூடண்ட் பண்ணுன தப்பு, ஒரு திருத்தம் போட்டு உங்க தீசிஸை மூலம்னு சைட் பண்ணிடறோம், வேணும்னா உங்க பேரையும் ஆத்தராச் சேத்துடறோம், உங்களுக்கும் ஒரு பப்ளிகேசன் ஆச்சுல்லன்னு. நல்ல டீல்னு நெனைக்கறவங்க நம்ம ஊர்லயே நிறையப் பேரு இருக்காங்க, ஒரு பேப்பருக்கு ஆலாப் பறக்கற நெலமை அப்படி. ஆனா ஆத்தர்னா என்னங்க? ஐசிஎம்ஜேஇங்கற மருத்துவ ஜர்னல் எடிட்டருங்க குழு வெச்சிருக்கற நாலு நிபந்தனையில கடைசி ஒண்ணு, அந்தப் பேப்பர்ல இருக்கற எல்லாத்துக்கும் நான் பொறுப்புன்னு ஏத்துக்கணும். நான் போகாத ஆத்துல, எடுக்காத தண்ணியில, இவ்வளவு உப்பு இருக்குதுன்னு நான் எப்படிப் பொறுப்பேத்துக்கறது? சைட்டேசன் போட்டாலும் அந்த ஆத்துப் பேரு அப்படியேதான இருக்கும். அந்த ஆத்துக் கரையிலயும் நம்ம தோட்டத்து ஐயா மாதிரி குடும்பங்க இருக்குது, நாளைக்கு யாராவது ஒரு அதிகாரி இந்த டேபிளை வெச்சு ஒரு முடிவெடுத்தா? எனக்கு கிரெடிட் போனது ஒரு வருத்தந்தான், அதைவிடப் பெரிய வருத்தம் ஒரு ஆத்தைப் பத்தி பொய் எழுதிப்போட்டது. இதையே அப்படியே பப்ளிஷருக்கு எழுதுனேன், திருத்தம் போதாது, டேட்டாவே அந்த எடத்துது இல்லன்னு. கேஸைத் திருப்புனது இந்தப் பாயிண்ட் தான்னு நெனைக்கறேன்.

அதே சமயத்துல அந்த ஆத்தருங்களோட காலேஜுக்கும் ஒரு புகார் போட்டேன். யுஜிசியோட 2018 விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்துலயும் இதுக்குன்னு துறை அளவுல ஒரு குழு, நிறுவன அளவுல ஒரு குழு இருக்கணும், துறைக் குழு 45 நாளுக்குள்ள அறிக்கை குடுக்கணும். ஒத்துப்போறது 40 சதவீதத்தைத் தாண்டுனா பேப்பரை வாபஸ் வாங்கறதோட ஒரு வருசச் சம்பள உயர்வு (இன்க்ரிமென்ட்) கிடையாது, ரெண்டு வருசத்துக்குப் புதுசா ஸ்காலர் எடுக்க முடியாது, 60ஐத் தாண்டுனா அது ரெண்டு இன்க்ரிமென்ட்டும் மூணு வருசமும். புகார்ல அந்த விதியோட வருசத்தையும் பிரிவையும் குறிப்பிட்டு எழுதுங்க, சும்மா நடவடிக்கை எடுங்கன்னு எழுதுனா ஃபைல்ல போயி தூங்கும்.

மாசக்கணக்கா இழுத்துச்சு. நடுவுல எத்தனையோ தடவை விட்டுப்போடலாம்னு இருந்துச்சு, வீட்டுலயும் இதென்ன வேண்டாத சோலின்னாங்க. கடைசில ரிட்ராக்சன் நோட்டீஸ் வந்துச்சு. காரணத்தைத் தெளிவா எழுதியிருந்தாங்க, டேட்டா வேற எடத்துல எடுத்தது, மூலம் இந்தத் தீசிஸ்னு, காசு கட்டாமயே யாரும் படிக்கற மாதிரி. பேப்பரை அழிக்க மாட்டாங்க, அது அங்கயே இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் குறுக்க ரிட்ராக்டட்னு அடிச்சிருக்கும், அதுதான் சரியான முறை, அழிச்சுட்டா என்ன நடந்துச்சுன்னே தெரியாமப் போயிரும். வாபஸ் வாங்குன பேப்பரையெல்லாம் பட்டியல் போடற ரிட்ராக்சன் வாட்ச் டேட்டாபேஸ்லயும் ஏறிருச்சு. 2023ல பேப்பருங்களுக்கு டிஓஐங்கற நிரந்தர அடையாள எண் பதிவு பண்ற கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லாருக்கும் இலவசமாத் திறந்து விட்டுட்டாங்க, மேற்கோள் சேத்து வெக்கற ஜோட்டெரோ மென்பொருளை யூஸ் பண்றவங்களுக்கு அந்தப் பேப்பரைச் சேத்தா எச்சரிக்கையே வரும்.

இப்ப ஓப்பன் விசயத்துக்கு வர்றேன். அந்த ஜர்னல், எழுதறவங்ககிட்ட காசு வாங்கிட்டு படிக்கறவங்களுக்கு இலவசமா விடற ஓப்பன் ஆக்சஸ்ங்கறதால ஓப்பன்னாலே இப்படித்தான்னு சொல்றாங்க. பூட்டி வெச்ச ஜர்னல்லயும் காப்பி வருது, ஆனா பூட்டி வெச்சிருந்தா நான் அந்தப் பேப்பரைத் திறந்தே பாத்திருக்க முடியாதுங்க. 2025 ஜனவரில ஆரம்பிச்ச ஒரே நாடு ஒரே சந்தாங்கற மத்திய அரசுத் திட்டத்துல 30 பப்ளிஷரோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல் வருது, மூணு வருசத்துக்கு 6,000 கோடி, ஆனா அது அரசு நிறுவனங்களுக்கு, எங்க காலேஜ் சுயநிதி. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஓப்பனா இருக்கறது மட்டுந்தான் வாசல். ஓப்பன்னா பேரு போடாம எடுத்துக்கன்னு அர்த்தம் இல்ல. ஷோத்கங்காவுல இருக்கற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல மொத நிபந்தனையே பேரு போடணுங்கறதுதான். தீசிஸை என்ற பீரோவுலயே வெச்சிருந்து, லேப்ல இருந்து யாராவது ஃபைலை எடுத்திருந்தா, எது முந்துனதுன்னு நிரூபிக்க என்கிட்ட என்ன இருந்திருக்கும்?

என்ற பேப்பர் இப்ப ரிவ்யூவுல இருக்குது, நிறுத்தி வெச்ச அதே ஜர்னல்ல, அங்க ஆத்தர்கிட்டயும் காசு வாங்கறதில்ல, படிக்கறவங்ககிட்டயும் வாங்கறதில்ல. தீசிஸ்ல இருந்து வந்ததுன்னு கவர் லெட்டர்லயே எழுதியாச்சு. கிணத்து டேட்டா முழுசையும் செர்ன்ங்கற ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையம் நடத்தற ஜெனோடோ இணையக் களஞ்சியத்துல போட்டுட்டேன், இலவசமா டிஓஐ குடுக்கறாங்க, தேதியோட. வாபஸ் வாங்குன பேப்பரை சைட் பண்ணியிருந்த ஒருத்தருக்கும் எழுதுனேன், அவரு மன்னிப்புக் கேட்டு அவரோட ஜர்னல்ல திருத்தம் போடறேன்னிருக்காரு. அந்தக் காலேஜ் குழு என்ன முடிவெடுத்துச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியப்படுத்தல, கேட்டு மறுபடி லெட்டர் போட்டிருக்கறேன், ரிஜிஸ்டர் தபால்ல.