கோடு மட்டும் வந்த ஃபைல்

பினாங்கின் பிறையில், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு (மோல்டு) செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு டிசைன் வேலை. கடல் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிற பிளாஸ்டிக் பாகங்கள்தான் அதிகம். இந்தத் தடவை வந்தது கைக்கருவி ஒன்றின் மேல்மூடி. வாடிக்கையாளரிடம் இருந்தது ஓர் ஐஜிஇஎஸ் ஃபைல் மட்டும், அதாவது ஒரு டிசைன் சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு வரைபடத்தைக் கொண்டுபோகும் ஃபைல். அதில் சர்ஃபேஸ், அதாவது கோடுகளுக்கு நடுவே விரியும் பரப்பு, ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெறும் கோடுகள். வரைந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், மூல ஃபைலும் இல்லையாம். சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று ரைனோ என்ற 3டி டிசைன் சாஃப்ட்வேரில் திறந்தேன்.

கைக்கு அடக்கமான மூடி, ஆறு மில்லிமீட்டர் நீளம் என்று காட்டியது. அங்குலத்தில் வரைந்ததற்கு ஃபைலில் அலகு தப்பாகப் பதிவாகியிருந்தது. 25.4 மடங்கு பெரிதாக்கினேன். நகல்களைத் தேர்ந்தெடுக்கும் செல்டப் கட்டளையைக் கொடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரட்டைக் கோடுகள் மஞ்சளாக எழுந்தன, அந்த நகல்களை அழித்தேன்.

இனிதான் நிஜ வேலை. ஒரு நீளக் கோட்டைத் தேர்ந்து கர்வேச்சர் கிராஃபைப் போட்டேன். கோடு எங்கே எவ்வளவு வளைகிறது என்பதை அது முள் முள்ளாகக் காட்டும். நல்ல கோடு என்றால் அந்த முட்கள் சீராக உயர்ந்து சீராகத் தாழும். இதில் குப்பை மீனின் முள்ளைப் போல் இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. லேசாக வளைகிற ஒரு கோட்டுக்கு, அதன் வடிவத்தை இழுத்துப் பிடிக்கும் கண்ட்ரோல் பாயிண்ட் நூற்றுக்கும் மேல். அதன்மேல் நெட்வொர்க் சர்ஃபேஸ் (குறுக்கும் நெடுக்குமான கோடுகளை மூடும் பரப்பு) போட்டால் சாஃப்ட்வேர் மறுக்காது, போட்டுத்தான் தரும். ஆனால் கோட்டில் இருக்கும் நடுக்கம் அத்தனையும் சர்ஃபேஸில் இறங்கிவிடும். பளபளப்பான மூடியில் அது வெளிச்சம் பட்டதும் தெரியும்.

அதனால் வந்த கோடுகளை ஒரு லேயரில் பூட்டி வைத்துவிட்டு, அவற்றின்மேல் ஆறேழு பாயிண்ட் கொண்ட என் கோடுகளை வரைந்தேன். எதிரெதிர் ஓரங்களுக்குப் பாயிண்ட் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் சர்ஃபேஸும் லேசாக வரும். ஆனால் இப்படிச் செய்தால் மூலக் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகும். வரைவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டேன்: 0.1 மில்லிமீட்டர் வரை விலகலாமா? வெளிப்புறத்தில் பரவாயில்லை, கீழ்ப்பாகத்தோடு பொருந்தும் விளிம்பில் மட்டும் கூடாது என்றார். அந்த விளிம்பில் மட்டும் பாயிண்ட்டுகளைக் கூட்டி மூலத்தோடு ஒட்டவைத்தேன்.

மூடி இருபுறமும் ஒரே மாதிரி. பாதி செய்து மிரர் பண்ணினால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள், நடுவில் முதுகெலும்பு போல ஒரு மடிப்பு தெரியும்போதுதான் விஷயம் புரியும். குறுக்குக்கோடு நடுத்தளத்தைத் தொடும் இடத்தில் கடைசிப் பாயிண்ட்டும் அதற்கு முந்தையதும் தளத்துக்கு நேர்செங்குத்தாக ஒரே வரியில் இருக்க வேண்டும். எல்லாக் குறுக்குக்கோடுகளையும் அப்படி இழுத்து வைத்தேன். மிரர் பண்ணி, பரப்பின் வழவழப்பைப் பட்டைகளால் காட்டும் ஜீப்ராவைப் பார்த்தபோது கறுப்பு வெள்ளைப் பட்டைகள் நடுவில் ஒடியாமல் கடந்து போயின.

முன்மூக்கில் மூன்று ஓரம்தான் இருந்தது. மூன்று ஓரத்தில் சர்ஃபேஸ் போட்டால் ஒரு மூலையில் எல்லாம் குவிந்து சுருங்கும், பிறகு தடிமன் கொடுக்கும்போது தகராறு பண்ணும். பெரிதாக நாலு ஓரத்தில் போட்டு, தேவையான அளவுக்கு வெட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் ஜாயின் செய்து, ஒட்டாத விளிம்புகளைக் காட்டும் ஷோ எட்ஜஸில் பார்த்தால், திறந்த விளிம்பு அடிச்சுற்று ஒன்றுதான். உள்பக்கமாக 2 மில்லிமீட்டர் தடிமன் கொடுத்து கணினி ஓட்டும் வெட்டு இயந்திரமான சிஎன்சியைப் பார்க்கும் அண்ணனிடம் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, பக்கச் சுவர் நேரா நிக்குது. பார்ட் மோல்டுல மாட்டிக்கும்ல?” என்றார். மூலக் கோட்டிலேயே டிராஃப்ட், அதாவது பாகம் மோல்டிலிருந்து எளிதாகக் கழன்று வர சுவருக்குக் கொடுக்கும் சாய்வு, கிடையாது. ஒரு டிகிரி சாய்த்தால் விளிம்பு அளவு மாறுமா என்பதுதான் கேள்வி. விளிம்பை அப்படியே வைத்து, மேல்புறத்தை உள்நோக்கிச் சாய்த்தேன். வாடிக்கையாளர் அதற்கும் சம்மதித்தார். கூடவே வேறு சாஃப்ட்வேர்களிலும் திறக்கும் ஒரு ஸ்டெப் ஃபைலும் கேட்டார், இனி தங்களிடம் ஒன்று இருக்கட்டும் என்று.