செட்டு மாத்திரையில் இருக்கும் அந்தக் குட்டி மாத்திரை

எண்ணூர், மணலி, கொருக்குப்பேட்டைப் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் "வீசிங்குக்கு ஒரு செட்டு குடுங்கண்ணா" என்று சில மாத்திரைகளைச் சேர்த்துக் கட்டிய பொட்டலத்தைக் கேட்பது சகஜம். அந்தப் பொட்டலத்தில் பல நேரம் பிரெட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ இருக்கும். இரண்டுமே ஸ்டீராய்டு. சில மணி நேரத்தில் மூச்சிரைப்பு அடங்குவதால் ஜனங்களுக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம்.

இந்த ஸ்டீராய்டு, நம் உடம்பே சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் நகல். நம் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலைக் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது: முதலில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொலஸ்ட்ராலின் வால் வெட்டுப்பட்டு பிரெக்னெனோலோன் ஆகும், அங்கிருந்து சில படிகளில் கார்ட்டிசால். எவ்வளவு சுரக்கணும் என்று சொல்வது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன். அதனால் கொலஸ்ட்ரால் உள்ள முட்டையைக் குறைத்தால் கார்ட்டிசால் குறையாது.

கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் ஸ்டீராய்டு செல் சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போய், அங்கே இருக்கும் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே என்எஃப்-கப்பா-பி, ஏபி-1 என்ற, மரபணுக்களை இயக்கும் இரண்டு புரதங்களின் கையைக் கட்டிவிடுகிறது. கிருமியைக் கண்டு விழித்துக்கொண்ட டி செல் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) பெருக இன்டர்லூகின்-2 என்ற தூதுப் புரதம் வேண்டும். அதைச் செய்யும் மரபணு வேலை செய்ய இந்த இரண்டும் வேண்டும். அவை முடங்கினால் டி செல் படை திரட்ட முடியாது, மூச்சுக்குழாயின் வீக்கமும் அடங்கும். இதெல்லாம் மரபணு வழியாக நடப்பதால் பலன் தெரிய சில மணி நேரம் ஆகும். மூச்சு முட்டும் அந்த நிமிஷத்துக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் பஃப்தான் கைகொடுக்கும்.

எதிர்ப்புப் படையை அடக்கும் இதே வேலைக்கு உடம்பு இன்னொரு கொலஸ்ட்ரால் வாரிசையும் வைத்திருக்கிறது. கிருமி வந்ததை அறிவிக்கும் இன்டர்ஃபெரான் புரதம் வந்ததும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ராலைச் செய்யும். அது செல்லின் சொந்தக் கொலஸ்ட்ரால் தயாரிப்பை அடக்குகிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவையும் மட்டுப்படுத்துகிறது. பெருகும் செல்லுக்குப் புதுச் சவ்வு கட்ட கொலஸ்ட்ரால் தேவை என்பதை யோசித்தால், இந்த ஏற்பாட்டின் அழகு புரியும்.

இனி மாத்திரைக் கணக்கு. 5 மி.கி. பிரெட்னிசோலோனும் 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோனும் ஏறக்குறைய ஒரே வலு. "அரை மில்லிகிராம்தானே" என்று டெக்ஸாவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் வேலை செய்யும். டாக்டர் எழுதிக் கொடுத்த பிரெட்னிசோலோனைக் காலையில், சாப்பிட்டபின் போட வேண்டும். 5 முதல் 7 நாள் கோர்ஸ் என்றால் பெரும்பாலும் அப்படியே நிறுத்தலாம். 3 வாரத்தைத் தாண்டினால் ஏசிடிஎச் தூங்கிப்போய், அட்ரீனல் சுரப்பதை விட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறக்கம், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்கணும்.

நம்ம ஏரியாவுக்கு முக்கியமானது டி.பி. நுரையீரலில் அடங்கிக் கிடக்கும் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருப்பவை டி செல்களும் மேக்ரோஃபேஜ்களும். தினம் 15 மி.கி. பிரெட்னிசோலோன் ஒரு மாசத்துக்கு மேல் போனால் அந்தக் காவல் தளரும். ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடுவதால் நோய் வெளியே தெரியாது. 2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் செட்டு வாங்காதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையிலோ சளி கொடுத்துப் பாருங்கள், காசு கிடையாது.

பஃப்புக்குப் பயந்து மாத்திரைக்கு ஓடுவது தலைகீழ் பயம். பஃப்பில் இழுக்கும் ஸ்டீராய்டான பியூடசோனைடு ஒரு பஃப் 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் போக வேண்டிய நுரையீரலுக்கே போகிறது. தொண்டையில் படிந்தால் அங்கே எதிர்ப்பு குறைந்து நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரும். ஸ்பேசர் (பஃப்போடு மாட்டும் குழாய்) வைத்து இழுத்து, உடனே வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.