ஓடினவளுக்கு பி, எழுதினவளுக்கு ஏ

சாதாரண தரப் பெறுபேறு வந்து நாலு நாளாகிறது. கணிதத்துக்கு சி வந்ததை வீட்டில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. விஞ்ஞானத்துக்கும் சி வந்ததே பெரிய காரியம் என்று அப்பா களுதாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஆனால் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்கு பி என்று போனில் பார்த்ததும் அண்ணன் சிரித்த சிரிப்பு பக்கத்து வளவு வரைக்கும் கேட்டது. தரம் 6 இலிருந்து ஓடுகிறவள் நான். 1500 மீற்றரில் வலயப் போட்டியில் இரண்டு முறை முதலிடம், மட்டக்களப்பு வெபர் மைதானத்திலும் ஓடியிருக்கிறேன். உடற்கல்விப் பாடவேளை வந்தாலே தலையிடி என்று வகுப்பில் குந்தியிருக்கும் என் மாமி மகளுக்கு ஏ.

"நீ ஓடினாய், நான் எழுதினன்" என்றாள் மச்சாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்தது.

அடுத்த முறை சாதாரண தரம் எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், முக்கியமாக மைதானத்தில் கெட்டிக்காரராக இருக்கிறவர்களுக்காக. வினாத்தாள் எப்படி வரும், எத்தனை கேள்வி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

என்னைக் கவிழ்த்த கேள்வி இதுதான். சொற்கள் அப்படியே ஞாபகமில்லை. சுகாதாரம் சார்ந்த உடற்றகைமைக் காரணிகள் மூன்றை எழுதி, ஒவ்வொன்றையும் விருத்தி செய்ய ஒவ்வொரு பயிற்சி தருக என்ற மாதிரி இருந்தது. நான் வேகம், வலு, சுறுசுறுப்பு என்று முத்து முத்தாக எழுதினேன். பயிற்சிகளும் சரியானவைதான்: 30 மீற்றர் விரைவோட்டம், நின்ற நிலைப் பாய்ச்சல், கூம்புகளுக்கிடையே வளைந்து ஓடுதல். கேட்டது ஒன்று, நான் கொடுத்தது வேறொன்று. அது மண்டபத்தை விட்டு வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழ் நின்றபோதுதான் உறைத்தது. மச்சாள், "நான் நெகிழும் தன்மை, தசைத் தாங்குதிறன், உடலமைப்பு எழுதின, நீ என்ன எழுதின?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.

இந்த இரண்டு பட்டியலையும் கலக்காதீர்கள். வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

சுகாதாரம் சார்ந்தவை ஐந்து: இதயச் சுவாசத் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழும் தன்மை, உடலமைப்பு (உடலில் கொழுப்பும் தசையும் எவ்வளவு என்பது).

திறன் சார்ந்தவை ஆறு: வேகம், வலு, சுறுசுறுப்பு, சமநிலை, இயைபாக்கம் (கண்ணும் கையும் காலும் சேர்ந்து இயங்குவது), துலங்கல் நேரம் (சத்தம் கேட்டு உடல் அசைய எடுக்கும் நேரம்).

ஓடுகிற பிள்ளைகள்தான் இதில் பிழை விடுவோம், ஏனென்றால் எங்கள் வாயில் எந்த நேரமும் இரண்டாவது பட்டியல்தான். இப்போது நான் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி, "இது அம்மம்மாவுக்கும் வேணுமா?" என்று கேட்டுப்பார்ப்பது. அம்மம்மாவுக்குக் கோயில் வரைக்கும் மூச்சிரைக்காமல் நடக்க வேண்டும், குடத்தைத் தூக்க வேண்டும், முற்றம் கூட்டக் குனிய வேண்டும். அதெல்லாம் முதற்பட்டியல். அவ வெடிச்சத்தம் கேட்டதும் தொடக்கக் கோட்டிலிருந்து பாயத் தேவையில்லை. சமநிலை மட்டும் இந்த வழியில் மாட்டும். கிணற்றடியில் வழுக்கி விழாமலிருக்க அம்மம்மாவுக்கும் சமநிலை வேண்டும்தான். ஆனாலும் பாடத்தில் அது இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. அந்த ஒன்றை மனப்பாடம் செய்யுங்கள்.

வலிமைக்கும் தாங்குதிறனுக்கும் வித்தியாசம் கேட்டால் எங்கள் வளவுக் கிணற்றைத்தான் நினைப்பேன். தண்ணீர் நிரம்பிய பெரிய குடத்தை நிலத்திலிருந்து ஒரே மூச்சில் இடுப்புக்கு ஏற்றுகிறாளே அம்மா, அது வலிமை: ஒரு தடவையில் தசை கொடுக்கக்கூடிய உச்ச விசை. அப்பா மிளகாய்ப் பாத்திக்கு வாளி வாளியாக நாற்பது வாளி அள்ளி ஊற்றுவார். முப்பதாவது வாளியிலும் கை கயிற்றை விடாது. அது தாங்குதிறன். வலு என்பது விசையும் வேகமும் சேர்ந்தது, மைதானத்தில் குண்டு போடுதல் போட்டி மாதிரி. பரீட்சையில் கிணற்றை எழுதாதீர்கள், வரைவிலக்கணத்தை எழுதுங்கள். கிணறு உங்கள் தலைக்குள் இருந்தால் போதும்.

நெகிழும் தன்மையில் எனக்கு ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. பெட்டிக்கு முன் காலை நீட்டி இருந்து விரல்களால் எட்டும் சோதனையில் என் விரல் பாதத்தைத் தொடவில்லை. மச்சாள் தாண்டிப் போனாள். ஓடி ஓடித் தொடையின் பின்தசை இறுகிப்போயிருந்தது, ஓடி முடிந்து தசைகளை இழுத்து நீட்டாமல் நேரே வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும் பழக்கம்தான் காரணம். ஓட்டக்காரி என்றால் எல்லாத் தகைமையும் இருக்கும் என்று நினைத்தது என் தலைக்கனம்.

இனி என் முறை. அது மச்சாளுடைய முறைதான். நான் பார்த்துத் திருடியது, ஆனால் பிந்திவிட்டது. கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: காரணி, அளக்கும் சோதனை, விருத்தி செய்யும் பயிற்சி. பதினொரு காரணிக்கும் நிரப்புங்கள். பிறகு நடுநிரலை மூடிக்கொண்டு மற்ற இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து நிமிடம். எனக்கு ஓரிடத்தில் இருந்து படிக்க வராது, முற்றத்தில் நடந்து நடந்துதான் சொல்லுவேன். இருந்து படிக்கிற ஆட்கள் இருந்து படியுங்கள். கூட்டமாகப் படிப்பது மட்டும் எனக்கு விளங்காத விஷயம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தால் இரண்டு பக்கம் வாசிப்போம், மூன்று தரம் தேத்தண்ணி குடிப்போம்.

கணக்கு வரும் இடங்கள், புள்ளி சும்மா கிடைக்கும்:

- உடற்திணிவுச் சுட்டி: நிறை கிலோகிராமில், உயரம் மீற்றரில், உயரத்தின் வர்க்கத்தால் பிரிக்க வேண்டும். 48 கிலோ, 1.60 மீற்றர் என்றால் 48 ÷ 2.56 = 18.75. உயரத்தை 160 என்று போட்டுவிட்டு விடை ஏன் இப்படிச் சின்னதாக வருகிறது என்று முழிக்காதீர்கள். 18.5 முதல் 24.9 வரை உகந்தது என்பது வளர்ந்தவர்களுக்கு. எங்கள் வயதுக்கு வயதுவாரியான வரைபைப் பார்க்க வேண்டும்.
- உச்ச இதயத்துடிப்பு: 220 இலிருந்து வயதைக் கழிப்பது. 16 வயதுக்கு 204. அதில் 60 முதல் 80 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 122 முதல் 163.
- சக்தி: காபோவைதரேற்று ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி, புரதம் 4, கொழுப்பு 9. 60 கிராம் காபோவைதரேற்று, 10 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு உள்ள ஒரு சாப்பாடு 240 + 40 + 72 = 352 கிலோகலோரி.

நாடித்துடிப்பில் நான் விட்ட இன்னொரு பிழையும் எரிச்சலாக இருக்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவருக்கு ஓய்வில் நாடித்துடிப்பு ஏன் குறைகிறது என்ற மாதிரிக் கேட்டிருந்தது. காலையில் எழும்பியதும் எண்ணினால் எனக்கு 56, மச்சாளுக்கு 82. நீண்டகாலப் பயிற்சியால் இதயத் தசை பலமாகி ஒரு துடிப்பில் கூடக் குருதியைத் தள்ளுகிறது, அதனால் ஓய்வில் குறைவாகத் துடித்தாலே போதும். என் மணிக்கட்டிலேயே விடை இருந்தது. நான் "உடல் ஆரோக்கியமாக இருக்கும்" என்று எழுதிவிட்டு வந்தேன். அப்படி எழுதினால் யார் புள்ளி போடுவார்? பொதுப்பேச்சு எழுதாதீர்கள், உறுப்பின் பெயரைச் சொல்லி அதில் என்ன மாறுகிறது என்று எழுதுங்கள்.

போசணைப் பகுதியிலும் அதே கதைதான். ஒரு வேளைச் சமநிலை உணவு எழுதச் சொன்னால் "பழம், பால், முட்டை" என்று சுவரொட்டி மாதிரி எழுதாமல் உங்கள் வீட்டுக் கோப்பையைப் பாருங்கள். சிவப்பரிசிச் சோறு, சூடை மீன் குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை, கடைசியில் எருமைத் தயிர். அரிசியில் காபோவைதரேற்று, மீனிலும் பருப்பிலும் புரதம், முள்ளோடு தின்னும் சின்ன மீனிலும் தயிரிலும் கல்சியம், இலையில் இரும்பும் விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டினும். இலைக்கறியின் இரும்பு உடலில் சேர விற்றமின் சி உதவும், ஆகவே வறையில் தேசிக்காய் பிழிவது சும்மா ருசிக்கு மட்டுமில்லை. சாப்பிட்ட கையோடு பால் விடாத பிளேன்ரீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். இதை அம்மம்மாவிடம் சொன்னேன். "அறுவது வருசமாக் குடிக்கன், இனி மறுகாப் பாப்பம்" என்றா.

குறைபாட்டு நோய்களைச் சுருக்கமாக:
விற்றமின் ஏ – மாலைக்கண்.
பி1 – பெரிபெரி.
சி – ஸ்கர்வி.
டி – என்புருக்கி (பிள்ளைகளின் எலும்பு மென்மையாகி வளைவது).
இரும்பு – குருதிச்சோகை.
அயடீன் – கழலை.
கொழுப்பில் கரைபவை ஏ, டி, ஈ, கே. நீரில் கரைபவை பி தொகுதியும் சியும்.

காயம், முதலுதவி: ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்தல். தரம் 9 இல் எனக்குக் கால் சுளுக்கியபோது மைதானத்தில் நின்ற ஒருவர் அன்புடன் எண்ணெய் பூசி நன்றாக உருவிவிட்டார். அடுத்த நாள் கணுக்கால் வெற்றிலைக்கட்டு மாதிரி வீங்கியிருந்தது. சுளுக்கிய உடனே உருவினால் உள்ளே கசிவு கூடும் என்று அப்போது தெரியவில்லை. அந்த வலியின் புண்ணியத்தில் இந்தப் பகுதிக்கு மட்டும் முழுப்புள்ளி கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

விளையாட்டுகள் பற்றி நிறையச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, அளவுகளைப் பாடமாக்குங்கள். கரப்பந்து 1991 இலிருந்து எங்கள் தேசிய விளையாட்டு. ஆடுகளம் 18 × 9 மீற்றர், வலை உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24. கரப்பந்தைத் தொடக்கியவர் வில்லியம் மோர்கன், 1895. கூடைப்பந்து ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891. இருவரையும் மாற்றி எழுதாதீர்கள். ஒலிம்பிக்கில் பதக்கம் எடுத்த இலங்கையர்: டங்கன் வைற் 1948 இலண்டன், 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி. சுசந்திகா ஜயசிங்க 2000 சிட்னி, 200 மீற்றர், அன்று வெண்கலம், பிறகு வெள்ளியானது. பழைய வினாத்தாள் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 4 × 100 அஞ்சலில் கோல் மாற்றும் வலயம் முன்பு 20 மீற்றர், அதற்கு முன்னால் வேகமெடுக்க 10 மீற்றர். இப்போது இரண்டும் சேர்ந்து 30 மீற்றர் வலயம். நான் பழைய விடையைப் பாடமாக்கி வைத்திருந்தேன், நல்லவேளை கேட்கவில்லை.

பல்தேர்வில் நான் நேரம் வீணாக்கவில்லை. ஓடுகிறவளுக்கு அவசரம் கூடவே பிறந்தது. ஆனால் அந்த அவசரத்தில்தான் "பொருத்தமற்றது எது" என்பதில் "அற்ற"வை விழுங்கினேன். பென்சிலால் அந்தச் சொல்லுக்குக் கீழ் கோடு போடுங்கள்.

மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். என் பிழை எங்கே என்று எனக்குத் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் மச்சாளைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஈரமணலில் ஒரு மீன்வாடியிலிருந்து அடுத்த வாடி வரைக்கும், 400 மீற்றர்கூட வராது. திரும்பிப் பார்த்தால் ஆள் குந்திவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்து 15 விநாடி எண்ணினேன்: 44.

"நாலால பெருக்கு, 176" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "204 இல 86 சதவீதம். கூடிப்போச்சு கா, இனி நான் ஓட ஒண்ணா. நட, நடந்து போவம்."

சொன்னாளே தவிர, மணலை விட்டு எழும்பவில்லை.