அம்மாவின் டிரேஸ்டுகெதர் கருவி

கோவிட் தொற்று வந்தவரின் அருகில் யார் யார் இருந்தார்கள் என்று கண்டறிய, 2020 மார்ச்சில் சிங்கப்பூரில் டிரேஸ்டுகெதர் செயலி வெளிவந்த வாரமே அதை என் ஐபோனில் பதிவிறக்கிக்கொண்டேன். அப்போது ஐபோனில் அது திரையில் திறந்தே இருந்தால்தான் ஒழுங்காக இயங்கும். வேலை முடிந்து ரயில் ஏறுவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

அம்மாவிடமோ பொத்தான் வைத்த பழைய போன்தான். வாரம் இருமுறை தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்காவிட்டால் அவருக்கு வாரம் நகராது. அந்த ஆண்டு செப்டம்பரில், செயலியின் வேலையைப் போன் இல்லாமலே செய்யும் கையடக்கக் கருவியைப் பொதுமக்களுக்கும் தரத் தொடங்கினார்கள். சமூக மன்றத்தில் வரிசையில் நின்றோம். அடையாள அட்டையைக் காட்டினோம். கருவியும் கழுத்துப்பட்டையும் கொடுத்தார்கள்.

"நான் போகிற இடமெல்லாம் இதற்குத் தெரியுமா?" என்று கேட்டார் அம்மா.

இதில் ஜிபிஎஸ் இல்லை, அருகில் இருக்கும் கருவிகளோடு புளூடூத்தில் மாறிக்கொண்டே இருக்கும் எண்களைப் பரிமாறிக்கொள்ளும், 25 நாள்களில் அவை அழிந்துவிடும் என்று விளக்கினேன். "உங்களுக்குத் தொற்று வந்தால் மட்டும்தான் எடுத்துப் பார்ப்பார்கள், அம்மா. வேறு எதற்கும் இல்லை" என்று உறுதியாகச் சொன்னேன். அரசு அப்படித்தான் சொல்லியிருந்தது.

2021 ஜனவரியில், குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. செய்தியைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கொலை போன்ற கடுமையான குற்றங்களுக்குத் தரவு உதவுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிப்ரவரியில், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று வரம்பு கட்டிச் சட்டம் வந்தது. அது நல்ல சட்டம். கருவி கைக்கு வருவதற்கு முன்பே வந்திருந்தால் நான் அம்மாவிடம் போய், "அன்று சொன்னது தவறு" என்று சொல்ல நேர்ந்திருக்காது.

அவர் கோபிக்கவில்லை. "மீன்காரருக்குத் தொற்று வந்தால் எனக்குத் தெரிய வேண்டுமே" என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மே மாதம் கடைத்தொகுதிக்குள் நுழையச் செயலியோ கருவியோ கட்டாயமானது. ஒருநாள் பச்சையாக மினுங்க வேண்டிய விளக்கு சிவப்பாக மினுங்கியது, பேட்டரி தீர்கிறது. மீண்டும் சமூக மன்றம், மீண்டும் வரிசை, புதுக் கருவி.

2023 பிப்ரவரியில் டிரேஸ்டுகெதர் முடிவுக்கு வந்ததும் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வாங்கிக்கொண்ட இளைஞரிடம், "உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டதா, தம்பி?" என்று அம்மா கேட்டார். அவர் பொறுமையாக விளக்கினார். முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் அம்மா கருவியிலிருந்து கையை எடுத்தார்.