முதல் மல்டிகன் போட்டிக்கு மூன்று துப்பாக்கிகளைத் தயார் செய்த அனுபவம்

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது படுத்த நிலையில் .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா சுட்டிருக்கிறேன். டெக்சாஸுக்கு வரும்வரை எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். இங்கே கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிகன் போட்டி பார்க்க அழைத்துப் போனார். பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றி மாற்றிச் சுடும் விளையாட்டு அது. ஏழு கஜத்தில் காகித இலக்கு, அதை முடித்த கையோடு இருநூறு கஜத்துக்கு அப்பால் இரும்புத் தகடு. டைமர் 'பீப்' என்றதும் ஓட ஆரம்பிப்பவர் ஒரு நிமிடத்துக்குள் மூன்று துப்பாக்கியையும் முடித்துவிடுகிறார். அன்றே மனசில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அப்போது நான் எச்-1பி விசாவில் இருந்தேன். அந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. எனக்கு விலக்கைப் பிடித்துக்கொண்டு போவதில் விருப்பமில்லை, கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். அந்தக் காலம் வீணாகவில்லை. மாதம் ஒருமுறை போட்டிக்குப் போய் காகித இலக்குகளில் ஓட்டை அடைப்பது, விழுந்த தகடுகளைத் தூக்கி நிறுத்துவது என்று கையாளாக நின்றேன். வெறுங்கையோடு நின்று பார்த்த அந்த மாதங்களில்தான் எது உடைகிறது, எது சிக்குகிறது, யார் எதற்காக நொடிகளை இழக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. புதிதாக வரும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று போட்டிகளில் போய் வேலை செய்யுங்கள்.

கிரீன் கார்டு வந்த பிறகு கடையில் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தைப் பூர்த்தி செய்தேன். குடியுரிமை இல்லாதவர்கள் அதில் தங்கள் ஏலியன் எண்ணையும் (குடியேறிகளுக்கு அரசு தரும் பதிவெண்) எழுத வேண்டும். கடைக்காரர் பின்னணிச் சரிபார்ப்புக்கு அனுப்பினார். உடனே பதில் வரவில்லை, சில நாள் கழித்து அனுமதி வந்தது. அதற்கு முன்பே வீட்டில் இரும்புப் பெட்டகம் சுவரோடு போல்ட் போடப்பட்டிருந்தது. என் மனைவி வைத்த ஒரே நிபந்தனை அது: முதலில் பெட்டகம், அப்புறம் துப்பாக்கி. எட்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது சரியான வரிசை.

எந்தப் பிரிவில் ஆடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் எந்தத் துப்பாக்கியில் என்ன மாட்டலாம் என்பதைப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. எங்கள் உள்ளூர்ப் போட்டியின் டாக்டிக்கல் பிரிவில் ரைஃபிளில் உருப்பெருக்கம் உள்ள ஒரு ஸ்கோப் வைக்கலாம். பிஸ்டலிலும் ஷாட்கனிலும் சாதாரணக் குறிமுனைதான். ஓப்பன் பிரிவில் எல்லாவற்றிலும் எதை வேண்டுமானாலும் மாட்டலாம், செலவுக்கும் எல்லை கிடையாது. நான் டாக்டிக்கலை எடுத்தேன். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் நல்ல கண்ணாடி வாங்கினால் போதும் என்பது பெரிய நிம்மதி.

பிஸ்டலில் அதிகம் யோசிக்கவில்லை. 9 மி.மீ. கிளாக் 34, முன்குறியில் சிவப்பு ஃபைபர். கவனம் முழுவதையும் உறையில் வைத்தேன். ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, மண்டியிடும்போது, தரையில் படுக்கும்போது இடுப்பில் இருக்கும் பிஸ்டல் கீழே விழுந்தால் அந்த நிமிடமே போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். அதனால் பிஸ்டலைப் பூட்டிப் பிடிக்கும் உறை வேண்டும். பிஸ்டல் போட்டிக்காரர்கள் வைத்திருக்கும் திறந்த வேக உறையை இதற்குக் கொண்டுவராதீர்கள்.

ரைஃபிள் ஏ.ஆர்-15 வகை. 18 அங்குலக் குழல், .223 வைல்ட் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), வெடிவாயுவைக் கொண்டுபோகும், ரைஃபிள் நீளத்துக்கான கேஸ் குழாய். சேம்பர் இந்த வகை என்றால் .223, 5.56 இரண்டு தோட்டாவும் போடலாம். கேஸ் குழாய் நீளமாக இருந்தால் உதை மென்மையாக வரும், ஸ்கோப்பில் இலக்கு பார்வையை விட்டு எகிறாது. வாய்முனையில் காம்பென்சேட்டர் மாட்டினேன். அது உதையை இன்னும் குறைக்கிறது, ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கூரைக்குக் கீழே நின்று சுடும் ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்றில்) அந்தச் சத்தம் நெஞ்சில் அறையும். காதுக்குள் ஒரு அடைப்பான், மேலே மின்னணுக் காதுமூடி, இரண்டும் போட்டுக்கொள்கிறேன்.

ஸ்கோப் விஷயத்தில்தான் தவறினேன். ஒன்றிலிருந்து ஆறு மடங்குவரை பெரிதாக்கும் 1-6 போதும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. போட்டியில் பெரும்பாலான இலக்குகள் 25 கஜத்துக்குள். தூரத் தகடுகளுக்கு 6 மடங்கு தாராளம். 1-8, 1-10 வாங்கினால் எடையும் விலையும் கூடும், கண்ணைச் சரியான இடத்தில் வைக்கவேண்டிய கட்டாயமும் கூடும். ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள், அதாவது ரெட்டிகிள், முதல் குவியத் தளத்தில் இருக்க வேண்டுமா இரண்டாம் தளத்திலா என்ற கேள்வியை மட்டும் வாரக்கணக்கில் போட்டுக் குழப்பிக்கொண்டேன். முதல் தள ஸ்கோப்பில் மடங்கைக் கூட்டக் கூட்ட ரெட்டிகிளும் பெரிதாகும், அதனால் அதில் இருக்கும் தூரக் கோடுகள் எந்த மடங்கிலும் சரியாக இருக்கும். ஆனால் 1 மடங்கில் ரெட்டிகிள் நூலாகிவிடும், நடுவில் வெளிச்சம் இல்லாவிட்டால் கண்ணில் படாது. இரண்டாம் தளத்தில் ரெட்டிகிள் எப்போதும் ஒரே அளவு. 1 மடங்கில் வேகமாகக் கண்ணில் படும், கீழ்க்கோடுகள் மட்டும் பெரும்பாலும் உச்ச மடங்கில்தான் கணக்குக்கு ஒத்துவரும். நான் ஆடும் போட்டிக்கு இரண்டாம் தளம் மேல். தூரத் தகடு என்றால் எப்படியும் 6-க்குத்தான் திருப்பப்போகிறோம்.

இவ்வளவு யோசித்தவன் ஒன்றை யோசிக்கவில்லை. முதலில் வாங்கிய ஸ்கோப்பின் சிவப்புப் புள்ளியைக் கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. ஜூலை மாத மதியத்தில் வெள்ளை மண்மேட்டுக்கு எதிரே பிடித்தபோது புள்ளியே இல்லை. வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தும் கறுப்புக் கோடுதான் தெரிந்தது. ஸ்கோப்பைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்க்கக் கேளுங்கள், மறுப்பவர்கள் குறைவு. அதை விற்றுவிட்டு, வோர்டெக்ஸ் ரேசர் ஜென் 2-ஈ 1-6 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 21.5 அவுன்ஸ், கிட்டத்தட்ட 610 கிராம். எடைதான், ஆனால் அதன் புள்ளி டெக்சாஸ் மதியத்திலும் எரிகிறது.

மாட்டும்போது இன்னொரு பாடம். ஸ்கோப்பை முன்னால் தள்ளிப் பிடிக்கும் கான்டிலீவர் மவுண்ட் வாங்கினேன். ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். முழு வட்டமும் தெரிகிற இடம் வரும்வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அதை நிதானமாகச் செய்தேன். திருகுகளை மட்டும் கைப்பதத்தில் இறுக்கினேன். இருநூறு தோட்டா போவதற்குள், ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்த தோட்டாக்களின் குழுமம் கலைய ஆரம்பித்தது. ஒரு நாள் மேலே, அடுத்த நாள் வலப்பக்கம். குழலில் குற்றமோ என்று கலங்கிப்போனேன். வளையத் திருகு தளர்ந்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி, தயாரிப்பாளர் சொன்னபடி 18 அங்குல-பவுண்டில் இறுக்கி, திருகின் தலையிலிருந்து வளையம்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன். இன்றுவரை கோடு விலகவில்லை.

அப்புறம் ஜீரோ. எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது, நிதானம் தேவைப்படுகிற இடமும் இதுதான். ஏ.ஆரில் ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு மேலே சுமார் 2.6 அங்குலத்தில் இருக்கிறது. நாம் பார்க்கும் கோடும் தோட்டா போகும் பாதையும் வேறு வேறு. ஜீரோ செய்வது என்றால் இரண்டையும் ஒரு தூரத்தில் சந்திக்க வைப்பது. நான் 50 கஜத்தை எடுத்தேன். முதலில் 25 கஜத்தில் சுட்டு, தோட்டா குறிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாகக் கீழே விழும்படி வைத்தேன். பிறகு 50-க்குப் போய் நுணுக்கமாகத் திருத்தினேன். என் ஸ்கோப்பில் திருகை ஒரு கிளிக் திருப்பினால் அரை எம்.ஓ.ஏ. (கோண அளவு), 50 கஜத்தில் அது கிட்டத்தட்ட கால் அங்குலம். இரண்டு அங்குலம் விலகியிருந்தால் எட்டு கிளிக். ஒவ்வொரு திருத்தத்துக்கும் குறைந்தது ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தபிறகே கை வைத்தேன்.

பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதித் தூரங்களைக் கணக்குப் போடும் செயலி சொல்லிவிடும் என்று நம்புகிறார்கள். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தூரத்துக்கும் நடந்தேன். 55 கிரெயின் எடையுள்ள தோட்டா, என் ரைஃபிள், என் தோள்: 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே, 200-ல் கிட்டத்தட்ட குறியிலேயே, 300-ல் எட்டு அங்குலம் கீழே. இதை ஒரு சிறு அட்டையில் எழுதி ரைஃபிளின் பின்கட்டையில் ஒட்டினேன்.

ஆனால் அட்டையில் ஒரு வரி இல்லை: ஏழு கஜம். அதற்கான விலையை முதல் போட்டியிலேயே கொடுத்தேன். ஒரு காகித இலக்கின் உடல் முழுவதையும் வெள்ளை நிற 'சுடக்கூடாத' இலக்கு மறைத்திருந்தது, தலை மட்டும் தெரிந்தது. தலையின் கீழ்விளிம்பில் புள்ளியை வைத்து அழுத்தினேன். அவ்வளவு கிட்டத்தில் தோட்டா இன்னும் பார்வைக் கோட்டுக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாகக் கீழேதான் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு ஓட்டையும் வெள்ளையில். குறி சரி, விசை சரி, ஏழு கஜத்தில் தோட்டா எங்கே விழும் என்று மட்டும் நான் பார்த்து வைத்திருக்கவில்லை. இப்போது அட்டையின் முதல் வரியே அதுதான்.

ஷாட்கன் என்னை அதிகம் உழைக்க வைத்தது. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 12 கேஜ் செமி ஆட்டோவில் உதையின் வேகத்தால் இயங்கும் இனர்ஷியா வகை ஒன்று, வெடிவாயுவால் இயங்கும் கேஸ் வகை ஒன்று. இனர்ஷியா வகை இலகுவானது, அழுக்குக் குறைவாகச் சேரும். ஆனால் துப்பாக்கியின் உடம்பில் எடை கூட்டிக்கொண்டே போனால், சிறு ரவைகள் நிறைந்த மென்மையான பறவைத் தோட்டாவில் சிக்கலாம். நான் கேஸ் வகையில் பெரட்டா 1301 எடுத்தேன். வெளியில் போட்டது ஒரு நீட்டிப்புக் குழாய் மட்டும், ஒன்பது தோட்டா பிடிக்கும். தோட்டா போடும் வாயை மட்டும் ஒரு துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து அகலமாக்கி, விளிம்பை மழித்து வாங்கினேன். நான்கு தோட்டாவை ஒரே பிடியில் எடுத்து இரண்டு இரண்டாகத் தள்ளும் 'குவாட் லோட்' இல்லாமல் இந்த விளையாட்டில் நேரம் கிடைக்காது. வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவை வைத்து தினமும் இரவு பத்து நிமிடம் பழகினேன். முதல் மாதம் கட்டைவிரல் தோல் உரிந்தது. அசல் தோட்டா எதுவும் அந்த அறைக்குள் வராது என்பதை வீட்டு விதியாகவே வைத்திருக்கிறேன்.

குழல் முனையில் மாட்டி ரவையின் பரவலைக் கட்டுப்படுத்தும் சோக் எது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: காகிதத்திடம் கேளுங்கள். பெரிய காகிதம் விரித்து 15, 20, 25 கஜத்தில் ஏழரை எண் ரவையைச் சுட்டு, ஒவ்வொரு சோக்குக்கும் பரவலைப் பார்த்தேன். எனக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்ற தளர்வான சோக் பெரும்பாலான ஸ்டேஜுக்குச் சரி. ரவைக்குப் பதில் ஒற்றைப் பெரிய குண்டு உள்ள ஸ்லக்கும் அதன் வழியே போகலாம். இறுக்கமான சோக் மாட்டியிருந்தால் ஸ்லக் போடாதீர்கள். ஸ்லக்கை 50 கஜத்தில் தனியாகச் சுட்டுப் பார்த்தபோது, குறிமணி காட்டிய இடத்துக்கு ஐந்து அங்குலம் மேலே விழுந்தது. ரவை பரவுவதால் அந்தப் பிசகு இவ்வளவு நாள் தெரியவேயில்லை. ஸ்லக்குகளை இடுப்பு வாரின் இடக்கோடியில் தனியாக வைக்கிறேன். ரவைக்கான மெல்லிய தகட்டில் ஸ்லக் போனால் தகடு போகும், சிதறல் திரும்பி வரும், போட்டியும் முடிந்துவிடும்.

போட்டி நாளன்று காலை, பதிவு மேசையில் ஒருவர் காந்தத்தோடு உட்கார்ந்திருந்தார். என் ரைஃபிள் தோட்டாவின் முனையில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டி பெட்டியாக வாங்கிய தோட்டாவின் மேலுறையில் இரும்பு இருந்திருக்கிறது. அது தகடுகளைக் குழிக்கும், காய்ந்த புல்லில் பொறி பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் அனுமதி இல்லை. என் ஸ்குவாடில், அதாவது சேர்ந்து சுடும் குழுவில், இருந்த பெரியவர் ஒருவர், பேர்கூடக் கேட்காமல், தன் பையிலிருந்து 120 தோட்டா எண்ணிக் கொடுத்தார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. அடுத்த மாதம் வேறு புது ஆளுக்குக் கொடு என்றார். தோட்டா மாறியதால் என் அட்டையில் இருந்த எண்கள் கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்ற பயம் நாள் முழுக்க இருந்தது.

ஸ்டேஜில் ஒரு துப்பாக்கியைச் சுட்டு முடித்து, அடுத்ததை எடுக்கும் முன் அதை அங்கே வைத்திருக்கும் பீப்பாய்க்குள் இறக்கும்போது காலியாக இருக்க வேண்டும், அல்லது சேஃப்டி போட்டிருக்க வேண்டும். 'சேஃப்டி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டேன். பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசர் திரும்பிப் பார்த்தார், நல்ல பழக்கம் என்று தலையசைத்தார்.

கடைசி ஸ்டேஜில் 280 கஜத்தில் ஒரு தகடு. மரக்கட்டையில் ரைஃபிளைச் சாய்த்து, 6-க்குத் திருப்பி, தகட்டின் மேல்விளிம்பில் புள்ளியை வைத்தேன். முதல் தோட்டா போன பிறகு ஒரு நொடி அமைதி, அப்புறம் மெல்லிசாக 'டிங்'. தரவரிசையில் பாதிக்கும் கீழேதான் வந்தேன். வண்டியில் ஏறியதும் நோட்டில் மூன்று வரி எழுதினேன்: பெரியவர் கொடுத்த அதே தோட்டாவில் இரண்டு பெட்டி வாங்குவது, 50 கஜத்தில் திரும்ப ஜீரோ பார்ப்பது, ஏழு கஜத்தில் பத்து தலைக்குறி.