ஈரெட்டு பதினாறு

மருத்துவமனை வார்டில் மூன்று வருடம் முப்பது கட்டில்களுக்கு நடுவே ஓடியவனுக்கு, ஒரே ஒருவரைப் பார்த்துக்கொள்வதா பெரிய வேலை? அந்த நினைப்போடுதான் பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்குப் போனேன். ஏஜென்சியில் சொன்ன விவரம் இவ்வளவுதான்: ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், வயது 71, பக்கவாதம், வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. காலை 8 முதல் இரவு 8 வரை டூட்டி. நாளுக்கு 900 ரூபாய், அதில் 150 அவர்களுக்கு. கையுறை தருவதாகவும் சொன்னார்கள். கடைசிவரை என் காசில்தான் வாங்கினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குப் பழக்கம்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பேன். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். நான் இருந்தவரை சாருக்குப் புண் வரவில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

சாப்பாடுதான் பயமுறுத்தியது. பச்சைத் தண்ணீர் குடித்தால் புரையேறும். கூழ் பதத்தில் கொடுத்தால் இறங்கும். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் வலக் கன்னத்துக்குள் பார்த்தால் சோறு ஒதுங்கிக் கிடக்கும். அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் அவருக்கே அது தெரியாது. பார்க்காமல் படுக்க வைத்தால் ஆபத்து.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் அவரைத் தூக்கி உட்கார வைக்க, செயலற்ற கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு நாளில் தோள்பட்டை வலியெடுத்து முகம் சுளித்தார். பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, "அந்தத் தோளைத் தாங்கத் தசையில் பலமில்லை. கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும்" என்று கடிந்துகொண்டார். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது: "எல்லாவற்றையும் நீங்களே செய்தால் இவருக்கு இடது கை எதற்கு?"

உண்மைதான். சட்டை போடுவது, முகம் துடைப்பது, தலை சீவுவது எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சுறுசுறுப்பானவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். மறுநாளிலிருந்து சட்டையை மடியில் விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மாட்டும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். முதல் நாள் 25 நிமிடம் ஆனது. மூன்றாவது பொத்தானில் அவர் விரல் தடுமாறியபோது என் கை தானாக நீண்டது, பின்னால் கட்டிக்கொண்டேன். சம்பளம் கொடுத்து ஆள் வைத்தது வேடிக்கை பார்க்கவா என்று சாரின் மனைவி ஆச்சிக்குக் கோபம். வெளியே சொல்லவில்லை, அன்றைக்குக் காபி மட்டும் தாமதமாக வந்தது.

பேச்சு விஷயம் நான் எதிர்பாராதது. தண்ணீர் என்ற சொல் அவருக்கு வராது. உதடு துடிக்கும், கண் கலங்கும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைப் பார்த்துக்கொள்வது மூளையின் இடப்பக்கம். அவருக்கு அடி விழுந்தது அங்கேதான், உடம்பில் வலப்பக்கம் விழுந்ததும் அதனால்தான். ஆனால் எண்கள், கிழமைகள், பாட்டு என்று வரிசையாக மனப்பாடமானவை பலருக்கு அழியாமல் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மாலை நடை பழக்கும்போது சும்மா "ஓரெட்டு எட்டு" என்றேன். "ஈரெட்டு பதினாறு" என்று பதில் வந்தது. கணீரென்ற வகுப்பறைக் குரல். சமையலறையிலிருந்து ஆச்சி ஈரக் கையோடு ஓடிவந்தார்.

அதிலிருந்து எங்கள் நடை வாய்ப்பாட்டில்தான். ஒரு வரிக்கு ஓர் எட்டு எடுத்து வைப்போம். வாசல் திண்ணைவரை போய்விடுவோம். ஒருநாள் நான் முந்திக்கொண்டு "ஏழெட்டு ஐம்பத்துநான்கு" என்றுவிட்டேன். சார் நின்றுவிட்டார். ஊன்றுகோலால் தரையை இருமுறை தட்டினார். திருத்த வேண்டும், ஆனால் அந்த எண் மட்டும் தனியாக வரவில்லை. என்னை முறைத்துக்கொண்டே ஓரெட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். ஈரெட்டு, மூவெட்டு, நாலெட்டு என்று ஒவ்வொன்றாக ஏறி, "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று சொன்ன பிறகுதான் அடுத்த எட்டு வைத்தார்.